ஓ.பி. சீட்டும் தீசிஸும்

1986க்கு முன் நாமக்கல் பக்கத்து மோகனூர்ப் பையன் ஒருவனுக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைத்திருந்தால், பெட்டி கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ தஞ்சாவூருக்கோ போயிருப்பான். சேலத்தில் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி தொடங்கியதே அந்த வருஷம்தான். அக்கரையில் கண்ணுக்கு எதிரே தெரியும் வாங்கலுக்கு அன்று பரிசல் ஏற வேண்டும். இன்று காவிரிக்குக் குறுக்கே பாலம் இருக்கிறது. சேலம்–கரூர் ரயில் பாதை 2013இல் திறந்ததிலிருந்து மோகனூருக்கு ரயிலும் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் கரூர் அரசு மருத்துவக் கல்லூரி, 2019இல் வந்தது. இந்தப் பக்கம் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி. 2022 ஜனவரி 12ஆம் தேதி, தமிழ்நாட்டின் வேறு பத்துக் கல்லூரிகளோடு சேர்த்துத் திறக்கப்பட்டது. இரண்டும் முக்கால் மணி நேரத் தூரத்துக்குள்.

படிக்க இடம் வந்துவிட்டது, வைத்தியம் பார்க்க ஆளும் வந்துவிட்டது. என் கேள்வி வேறு. நோயாளியைப் பார்க்கிற டாக்டரே, பார்த்ததிலிருந்து புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பவராகவும் இருக்க முடியுமா? அன்று அது எப்படி இருந்தது, இன்று எப்படி இருக்கிறது?

முதலில் மிக்சர் காலம். எல்.எம்.பி. படித்த டாக்டர் ஒருவர், அவருக்கு ஒரு கம்பவுண்டர், வாசலில் பெஞ்ச். நோயாளி வீட்டிலிருந்தே பாட்டில் கொண்டுவருவார். கம்பவுண்டர் சிவப்பு மருந்தை ஊற்றி, ஒரு தாளை மடித்துக் கத்தரியால் பல் பல்லாக வெட்டிப் பாட்டிலின் பக்கவாட்டில் ஒட்டித் தருவார். ஒரு பல் ஒரு வேளை. எழுத்துத் தெரியாதவருக்கும் கணக்குப் புரியும். அந்த டாக்டருக்குத் தெரியாததே இருக்காது: எந்தத் தெருவில் எந்த மாதம் பேதி வரும், வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவர்களுக்கு என்ன சொறி வரும், யார் வீட்டில் மூன்று தலைமுறையாக இழுப்பு என்று எல்லாம் அத்துப்படி. ஆனால் அதில் ஒரு வரிகூட எங்கும் எழுதப்படவில்லை. எழுதச் சொல்லி அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. அவர் கண்ணை மூடியதும் அவ்வளவும் போய்விட்டது. ராசிக்கார டாக்டர் என்று ஊர் அவரை நினைவில் வைத்திருக்கும். அவர் பார்த்த நோய்களைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது.

அதே காலத்தில் சென்னையில் வேறொன்று நடந்தது. டி.பி. வந்தால் சானடோரியம் என்றிருந்த காலம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. கொங்குப் பக்கத்துக்காரர்களுக்கு அது பெருந்துறை. இன்றும் அங்கே பேருந்து நிறுத்தத்துக்கு ‘சானடோரியம்’ என்றுதான் பெயர். இடமோ கொஞ்சம், நோயாளிகளோ லட்சக்கணக்கில். 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு மையம் தொடங்கின. அதை நடத்த வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் வந்தார். கேள்வி நேரடியானது. மாத்திரையைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் டி.பி. குணமாகுமா, ஆகாதா?

193 நோயாளிகள். பாதிப் பேர் சானடோரியத்தில். மீதிப் பேர் சென்னையின் நெரிசலான வீடுகளில், ஒரே அறையில் ஆறேழு பேரோடு, ஏழைகளின் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு, முடிந்தபோது வேலைக்கும் போய்க்கொண்டு. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள். மருந்து உள்ளே போனதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கிட்டத்தட்ட இணையாகக் குணமானார்கள். அவர்கள் வீட்டாருக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் காலியாகத் தொடங்கியதற்கு அந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். அந்த மையம்தான் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று. சேத்துப்பட்டு டாக்டர்களுக்கு வைத்தியமும் ஆராய்ச்சியும் இரண்டு வேலையாக இருக்கவில்லை. மாத்திரை கொடுத்தவர்களே கணக்கும் வைத்தார்கள். இங்கே இருக்கிற இல்லாமையிலிருந்தே கேள்வி பிறந்தது: படுக்கை போதாது, என்ன செய்வது? அந்தக் கேள்வி லண்டனில் பிறந்திருக்காது.

அடுத்தது 1986. சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை சுனிதி சாலமன். அவரிடம் எம்.டி. படித்துக்கொண்டிருந்தவர் செல்லப்பன் நிர்மலா. சிறு ஊரில் பிறந்தவர், வயது 32. தீசிஸுக்குத் தலைப்பு வேண்டும். எய்ட்ஸ் பார்க்கலாம் என்றார் சுனிதி. இந்தியாவில் எய்ட்ஸா, அது வெள்ளைக்காரன் வியாதி என்று எல்லோரும் நினைத்திருந்த நேரம். நிர்மலா தயங்கினார், கணவர் ராமமூர்த்திதான் தைரியம் சொன்னார். பாலியல் தொழிலாளிகள் அடைக்கப்பட்டிருந்த காப்பகத்துக்கு அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். நிர்மலா கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தார். சீரம் பிரித்து, வைக்க இடம் இல்லாமல் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்தார். சென்னையில் அப்போது எலிசா பரிசோதனைக்கு வசதி இல்லை. 80 மாதிரிகள் சேர்ந்ததும் கணவரும் மனைவியும் ராத்திரி ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குப் போனார்கள். அங்கே டி. ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வகத்தில் பரிசோதித்தபோது ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின; கிருமி இருக்கிறது என்று அர்த்தம். மறு பரிசோதனை அமெரிக்காவில் நடந்தது; அதுவும் உறுதி செய்தது. அந்த மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று நாட்டுக்குச் சொன்னது ஓர் எம்.டி. மாணவியின் தீசிஸ்.

பல பி.ஜி.க்கள் இந்தக் கதையைக் கேள்விப்பட்டதே இல்லை என்பது என் வருத்தம். தீசிஸ் என்றால் பைண்டிங் கடை, கறுப்பு அட்டை, தங்க எழுத்து என்று நினைக்கிறவர்களுக்கு, அட்டைக்குள் என்ன இருக்க முடியும் என்று இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அந்த நோய் பிறகு எங்கள் பக்கத்துக்கும் வந்தது, நெடுஞ்சாலை வழியாக. லாரிக்குப் பேர்போன ஊர் நாமக்கல். பாடி கட்டும் பட்டறை, டிரைவர், கிளீனர், மாதக்கணக்கில் வடநாட்டுச் சவாரி. எச்.ஐ.வி. அதிகமுள்ள மாவட்டங்களின் பட்டியலில் நாமக்கல் பெயர் தொடர்ந்து அடிபட்டது. அந்தக் கணக்கு வந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். கர்ப்பிணிகளிடம் எடுத்த ரத்தத்தில் ஒரு பகுதியைப் பெயர் நீக்கிச் சோதித்து மேலே அனுப்புவார்கள். எண்ணிக்கை டெல்லிக்குப் போகும். அங்கிருந்து பத்திரிகைத் தலைப்பாகத் திரும்பி வரும். ஊருக்குக் கிடைத்தது கெட்ட பெயர். மருந்து வரப் பல வருஷம் ஆயிற்று. 2004 ஏப்ரலில் எச்.ஐ.வி.க்கு இலவச ஏ.ஆர்.டி. சிகிச்சை தொடங்கியபோது நாடு முழுக்க எட்டே மருத்துவமனைகள். அதில் தாம்பரம் ஒன்று. பிறகுதான் மோகனூர் சாலையில் இருந்த நாமக்கல் தலைமை மருத்துவமனைக்கு ஏ.ஆர்.டி. மையம் வந்தது. கணக்கெடுப்பைக் குறை சொல்லவில்லை; நாட்டுக்கு அது தேவை. ஆனால் கேள்வி வேறெங்கோ பிறந்து, பதிலும் வேறெங்கோ போய், ரத்தம் மட்டும் இங்கே எடுக்கப்பட்டால், உள்ளூர் டாக்டர் அதில் தபால்காரர்தான்.

இங்கே கோழியைப் பற்றிச் சொல்லாமல் போனால் நாமக்கல்லைப் பற்றி எழுதியதாக ஆகாது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985இல் தொடங்கியது. பெயரிலேயே ‘மற்றும் ஆராய்ச்சி நிலையம்’ என்று உண்டு. பண்ணையில் கோழி செத்தால் அதைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்துவிடுவார்கள். அங்கே அறுத்துப் பார்த்து, கல்லீரல் எப்படி, மூச்சுக்குழாய் எப்படி என்று எழுதிக்கொள்வார்கள். பிறகு உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வரும்: வரும் நாள்களில் இத்தனை டிகிரி வெயில் அடிக்கும், காற்று இந்தத் திசையிலிருந்து; கோழியின நோய் ஆய்வகத்தில் பரிசோதித்ததில் கோழிகள் பெரும்பாலும் வெப்ப அயற்சியால் இறந்தது தெரியவந்துள்ளது; பண்ணையாளர்கள் தீவனத்தில் இன்னதைச் சேர்க்கவும். இதை வாசித்துப் பழகிய எங்களுக்கு அதில் ஆச்சரியம் தெரிவதில்லை. யோசித்தால்தான் உறைக்கிறது. போன வாரம் நாமக்கல் கோழி எதனால் செத்தது என்று பத்திரிகை சொல்கிறது. போன வாரம் நாமக்கல்லில் மனிதர்கள் எதனால் செத்தார்கள் என்று சொல்ல ஆளில்லை. இந்தியாவில் 2020இல் பதிவான மரணங்களில் டாக்டர் காரணம் எழுதிச் சான்று கொடுத்தது 22.5 சதவீதத்துக்குத்தான்.

கோழிக்கு ஆராய்ச்சிக் கல்லூரி 1985இல். மனிதனுக்கு மருத்துவக் கல்லூரி 2022இல். முட்டைக்கு விலை உண்டு என்பதால் கோழியின் சாவுக்குக் காரணம் கேட்கிறார்கள் என்று ஒருவர் கிண்டலாகச் சொல்லலாம். அதில் கிண்டலைவிட உண்மைதான் அதிகம்.

இனி இன்றைய நிலை. வெளியே பார்த்தால் எல்லாம் மாறியிருக்கிறது. எம்.பி.பி.எஸ். மாணவனுக்கே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய கால ஆய்வு உதவித் திட்டம் உண்டு. 1979 முதல் இருக்கிறது. இரண்டு மாதம், ஒரு கைடு, ஒரு சின்ன ஆய்வு. பி.ஜி. சேர்ந்தால், சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆராய்ச்சி அடிப்படைப் படிப்பை ஆன்லைனில் முடிக்க வேண்டும் என்று 2019இல் விதி வந்தது. எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாமல் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க முடியாது. சேலம் உட்பட அரசுக் கல்லூரிகளில் பல்துறை ஆராய்ச்சிப் பிரிவுகள் வந்திருக்கின்றன. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்துக்குப் போன தீசிஸ்கள் இன்று இணையத்தில் கிடக்கின்றன. மோகனூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்தபடி செல்போனில் வாசிக்கலாம். அமெரிக்காவில் 1964 முதலே அரசுப் பணத்தில் எம்.டி.யும் பிஎச்.டி.யும் சேர்த்துப் படிக்க வைக்கிறார்கள். அதே போல ஒரு திட்டம் இங்கும் உண்டு, சேருகிறவர்கள்தான் குறைவு.

உள்ளே போய்ப் பார்த்தால் வேறு கதை. 2016இல் டாக்டர் சமீரன் நந்தியும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2005 முதல் 2014 வரை பத்து ஆண்டுகளில் நாட்டிலுள்ள 579 மருத்துவக் கல்வி நிறுவனங்கள் என்ன ஆய்வு வெளியிட்டன என்று பார்த்தார்கள். 332 நிறுவனங்களிலிருந்து ஒரு கட்டுரைகூட இல்லை. வருஷத்துக்கு நூறு கட்டுரைக்கு மேல் வெளியிட்டவை 25தான், வேலூர் சி.எம்.சி. அதில் உண்டு. தீசிஸ் எழுதாத எம்.டி. கிடையாது. பிறகு அந்தத் தீசிஸ் எல்லாம் எங்கே போயின? பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்று விதி போட்டபின் எண்ணிக்கை ஏறியது. கூடவே, பணம் கட்டினால் எதையும் அச்சடிக்கும் பத்திரிகைகளும் பெருகின. என் கணக்கில் அது ஆராய்ச்சியில் சேராது.

நேரம் என்று ஒன்று இருக்கிறதே. காலை ஏழரை மணிக்கு வார்டு, பிறகு ஓ.பி. வரிசை, நடுவில் அட்மிஷன், இரவு டூட்டி. சீனியர் டாக்டருக்குச் சாயங்காலம் சொந்த கிளினிக். தமிழ்நாட்டில் அரசு டாக்டர் பணி நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்க அனுமதி உண்டு; ஊருக்கு அதனால் நன்மையும் உண்டு. ஆனால் டேட்டாவை வைத்துக்கொண்டு யோசிக்க உட்காரும் மணி எது? ஆராய்ச்சிக்கென்று நேரம் ஒதுக்கிச் சம்பளம் தருகிற இடம் இங்கே மிகக் குறைவு. பி.ஜி. மூன்றாம் வருஷத்தில் திடீரென்று, “தீசிஸ் முடிச்சிட்டியா? ஸ்டாட்டிஸ்டிக்ஸ் யார்கிட்ட குடுத்த?” என்ற பேச்சு ஹாஸ்டலில் கேட்க ஆரம்பிக்கும். கணக்கைப் போட்டுத் தர வெளியே ஆள் இருக்கிறார். பி-வேல்யூ என்ன சொல்கிறது என்று தீசிஸ் எழுதினவருக்கே தெரியாமல் போவதும் உண்டு.

வார்டில் சாதாரணமாக நடக்கிற ஒரு பேச்சு. கரும்புக் காட்டுப் பெரியவர் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். பி.ஜி. மாணவர் கையில் இரண்டு பக்கத் தாள்.

“அய்யா, இதுல ஒரு கையெழுத்துப் போடணும்.”

“எதுக்குங்க தம்பி, ஆபரேசனுங்களா?”

“இல்லீங்கய்யா. ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கறோம். இஷ்டம் இருந்தா மட்டும் போடுங்க.”

“எடுத்துக்கங்க. அதுல என்னன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுவீங்களா?”

இந்தக் கடைசிக் கேள்விக்குத் தாளில் இடம் இருக்கிறது. முடிவைத் தெரிவிப்போம் என்றுகூட அச்சடித்திருக்கும். ஆனால் பெரியவர் டிஸ்சார்ஜ் ஆன பிறகு யாரும் அவரைத் தேடிப் போவதில்லை.

எனக்கு நம்பிக்கை தருவது ஒரே ஓர் ஏற்பாடுதான்: சர்வீஸ் கோட்டா. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருஷம் வேலை பார்த்த அரசு டாக்டருக்குப் பி.ஜி.யில் ஒதுக்கீடு. தமிழ்நாடு நெடுங்காலம் நடத்திய இந்த முறைக்கு நடுவில் தடை வந்தது. மாநிலங்களுக்கு அந்த உரிமை உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. கிராமத்து ஓ.பி.யில் நாலு வருஷம் உட்கார்ந்தவர் கையில் கேள்விகள் இருக்கும். இந்த ஊரில் பாம்புக்கடி எந்த மாதம் கூடுகிறது, சர்க்கரை மாத்திரையை ஏன் பாதியில் விடுகிறார்கள், லாரி டிரைவருக்கு ஏன் நாற்பதிலேயே ரத்த அழுத்தம், போர் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வேலை செய்தவருக்கு ஏன் மூச்சு வாங்குகிறது? ஆனால் அவர் பி.ஜி.க்குப் பெரிய நகரத்துக்குப் போனதும் கேள்வி இங்கேயே தங்கிவிடுகிறது. கைடு கொடுத்த தலைப்பு, அந்த வார்டில் கைக்குக் கிடைத்த நோயாளிகள், ஐம்பது கேஸ், முடிந்தது. திரும்பி வரும்போது பட்டம் இருக்கிறது. பழைய கேள்வி மறந்துபோயிருக்கிறது.

இது மாற, நாமக்கல்லிலும் கரூரிலும் கல்லூரி வந்திருப்பது நல்ல வாய்ப்பு. ஓர் உதாரணம் மட்டும் சொல்கிறேன். மத்திய அமெரிக்காவில், நிகரகுவா, எல் சால்வடார் பக்கம், கரும்பு வெட்டும் இளைஞர்கள் சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இல்லாமலே சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். கொளுத்தும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் பல மணி நேரம் வெட்டுவது ஒரு காரணம் என்று இப்போது பலரும் ஏற்கிறார்கள். அங்கே தோட்டங்களில் நிழல், ஓய்வு, தண்ணீர் மூன்றையும் கட்டாயமாகக் கொடுத்துப் பார்க்கிறார்கள். மோகனூரில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அரவைப் பருவத்தில் வெட்டு ஆள்கள் விடியலுக்கு முன்பே காட்டில் இறங்கி, வெயில் ஏறும்வரை வெட்டி, கட்டிச் சுமந்து வண்டியில் ஏற்றுகிறார்கள். அவர்களுடைய சிறுநீரகம் எப்படி இருக்கிறது? பருவம் தொடங்கும்போது ஒரு கிரியாட்டினின், முடியும்போது ஒரு கிரியாட்டினின். செலவு அதிகம் இல்லை. சேத்துப்பட்டில் செய்ததைவிட எளிது; நிர்மலா பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது. பதில் ‘ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறது’ என்று வந்தாலும் அது பதில்தான்.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம். பி.ஜி. தலைப்பு முடிவாகும் நாளில், சுற்று வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களை அழைத்து அவர்களுடைய கேள்விகளையும் பட்டியலில் வைக்க வேண்டும். ஆய்வு செய்கிற டாக்டருக்கு வாரத்தில் ஒரு நாள் ஓ.பி. விலக்கு வேண்டும். முடிவை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, ரத்தம் கொடுத்த ஊரின் சுகாதார நிலையத்தில் ஒட்ட வேண்டும். இரண்டாவது கோரிக்கைதான் கடினம். ஆள் பற்றாக்குறையில் அதைக் கேட்டால் எந்த டீனும் சிரிப்பார். சிரித்தாலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியது அதுதான்.

நாமக்கல்லிலோ கரூரிலோ உங்கள் வீட்டுப் பெரியவரிடம் ஓர் இளம் டாக்டர் ஆராய்ச்சிக்குக் கையெழுத்துக் கேட்டால், படித்துப் பார்த்துவிட்டு, சம்மதம் இருந்தால் போடச் சொல்லுங்கள். போட்டபின் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள். டாக்டரின் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கும். ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டு, முடிவு என்னவென்று கேளுங்கள்.